உணவுத் தயாரிப்பு: சட்டப் பொறுப்பும் பாதுகாப்புப் பழக்கமும்

பாதுகாப்பற்ற உணவை விற்பனைக்கு அனுப்புவது வெறும் வியாபாரத் தவறு அன்று, அது குற்றமாகும். பெரிய தொழிற்சாலைக்கும், சிறிய பொதியிடும் கூடத்துக்கும், வீட்டுச் சமையலறையில் முறுக்கும் ஊறுகாயும் செய்து விற்கும் குடும்பத்துக்கும் இச்சட்டம் பொருந்தும். உணவுத் தொழில் நடத்துவோரும் அதில் வேலை செய்வோரும் அறிந்திருக்க வேண்டியவை கீழே விளக்கப்படுகின்றன.

தென் வேல்ஸ் தந்த பாடம்

2005ஆம் ஆண்டு செப்டெம்பரில் தென் வேல்ஸ் பாடசாலைகளில் ஈ.கோலை ஓ157 என்னும் கொடிய கிருமி பரவியது. 44 பாடசாலைகளைச் சேர்ந்த பிள்ளைகள் உட்பட 157 பேர் நோயுற்றனர். 31 பேர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். பாடசாலை உணவுக்குச் சமைத்த இறைச்சியை வழங்கிய பிரிஜெண்ட் நகர நிறுவனமொன்றே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது.

அங்கே பச்சை இறைச்சியையும் சமைத்த இறைச்சியையும், காற்றை அகற்றிப் பொதி செய்யும் ஒரே இயந்திரத்தில் பொதி செய்திருந்தனர். பச்சை இறைச்சியிலிருந்த கிருமி, மீண்டும் சூடாக்காமல் உண்ணப்படும் உணவுக்குச் சென்றது. பேராசிரியர் ஹியூ பெனிங்டன் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 2009இல் வெளிவந்தது. உரிமையாளர் சில பாதுகாப்புப் பதிவேடுகளைப் பொய்யாக எழுதியதையும், பரிசோதனைக்கு வந்த அதிகாரிகளிடம் பொய் கூறியதையும் அது எடுத்துக்காட்டியது. அவர் குற்றங்களை ஒப்புக்கொண்டு, 2007இல் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

பதிவேடு இல்லாமையால் அச்சிறுவன் இறக்கவில்லை. பதிவேடு ஒன்றைச் சொல்ல, வேலைத்தளத்தில் வேறொன்று நடந்ததே காரணம்.

யார் பொறுப்பாளி?

1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிறுவனம் மட்டுமன்றித் தனிமனிதரும் வழக்கை எதிர்கொள்ளலாம். ஓர் இயக்குநரோ முகாமையாளரோ குற்றத்துக்கு உடன்பட்டிருந்தால், கண்டும் காணாமல் இருந்திருந்தால், அல்லது தமது கவனக்குறைவால் அது நடந்திருந்தால், நிறுவனத்துடன் அவரும் குற்றவாளியாவார். “எனக்குத் தெரியாது” என்று கூறுவது மட்டும் அவரைக் காப்பாற்றாது.

கடுமையான குற்றங்களுக்கு வரையறையற்ற தண்டப்பணமும் இரண்டு ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். 2016 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள தண்டனை வழிகாட்டலின்படி, நிறுவனத்தின் வருமானத்தை நீதிமன்றம் கருத்திற் கொள்ளும். செலவைக் குறைப்பதற்காகப் பாதுகாப்பைக் கைவிட்டதும், ஆவணங்களைப் பொய்யாக்கியதும் தண்டனையை அதிகரிக்கும் காரணங்களாகும்.

உணவால் மரணம் நேர்ந்தால் வழக்கு மேலும் பாரதூரமாகலாம். வட யோர்க்ஷயரில் உணவகம் நடத்திய ஒருவர், பாதாம் தூளுக்குப் பதிலாக நிலக்கடலை கலந்த மலிவான தூளைப் பயன்படுத்தினார். நிலக்கடலை ஒவ்வாமை கொண்ட வாடிக்கையாளர் ஒருவர் 2014இல் இறந்தார். கடும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2016இல் அவ்வுரிமையாளருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சட்டம் ஏற்கும் தற்காப்பு

குற்றத்தைத் தவிர்க்க நியாயமான முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் எடுத்து, உரிய கவனத்துடன் செயற்பட்டதாக நிறுவுபவருக்குச் சட்டம் தற்காப்பு அளிக்கிறது. நாள்தோறும் உண்மையாக எழுதப்பட்ட வெப்பநிலைக் குறிப்பு, துப்புரவுக் குறிப்பு, பயிற்சிப் பதிவு ஆகியன இங்கு பெரிதும் உதவும். வார இறுதியில் ஒரே அமர்வில் நிரப்பிய ஏடு உதவாது. அதுவே எதிர்ச் சாட்சியாகவும் மாறலாம்.

பாதுகாப்புப் பழக்கம் என்பது என்ன?

மேற்பார்வையாளர் இல்லாத நேரத்திலும் சரியான முறையில் வேலை நடப்பதே பாதுகாப்புப் பழக்கம். சர்வதேச உணவு விதித்தொகுப்பான கோடெக்ஸ், 2020இல் திருத்திய சுகாதாரக் கோட்பாடுகளில் இதனை வலியுறுத்துகிறது. இப்பழக்கம் மேலிடத்திலிருந்து தொடங்க வேண்டும். “பொருள் இன்றைக்கே போயாக வேண்டும்” என்று அவசரப்படுத்தும் முகாமையாளர், சுவரில் எத்தனை அறிவித்தல்களை ஒட்டினாலும் பயனில்லை. ஐயம் எழுந்தபோது இயந்திரத்தை நிறுத்திய ஊழியரைக் கண்டிக்காமல் பாராட்டும் இடத்திலேயே அது வேரூன்றும். ஊழியர் விளங்கிக்கொள்ளும் மொழியில் பயிற்சி அளிப்பதும் இதன் ஒரு பகுதியே.

நாளாந்தம் கடைப்பிடிக்க வேண்டியவை

• பச்சை இறைச்சிக்கும் உண்ணத் தயாரான உணவுக்கும் தனித்தனி இடமும் கருவிகளும் வைத்திருத்தல்.
• குளிரூட்டப்பட வேண்டிய உணவை 8 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழும், சூடாகப் பரிமாறும் உணவை 63 பாகை அல்லது அதற்கு மேலும் வைத்திருத்தல்.
• வாந்தியோ வயிற்றோட்டமோ உள்ளவர், அது நின்று 48 மணிநேரம் கடக்கும் வரை உணவைக் கையாளாதிருத்தல்.
• சட்டம் குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் எவை உணவில் உள்ளன என்பதைச் சரியாகத் தெரிவித்தல். மூலப்பொருளை மாற்றினால் அத்தகவலையும் உடனே மாற்றுதல்.

தவறைக் கண்ட ஊழியர்

முதலில் மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பது நன்று. அதனால் பயனில்லையெனில், அல்லது அவ்வாறு தெரிவிக்க அச்சமிருந்தால், கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கோ உணவுத் தர முகவரகத்துக்கோ அறிவிக்கலாம். பொதுநலன் கருதி நேர்மையாகத் தகவல் தருவோரை வேலையிலிருந்து நீக்குவதற்கும் துன்புறுத்துவதற்கும் எதிராக 1998ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. முகவர் நிலையம் ஊடாக வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். பார்த்ததைத் திகதி, நேரத்துடன் குறித்து வைப்பது பயனுள்ளது.

புதிதாகத் தொடங்குவோர்

வீட்டிலிருந்து உணவு விற்பவர் உட்பட, உணவுத் தொழில் தொடங்குவோர் குறைந்தது 28 நாட்களுக்கு முன்னர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. இறைச்சி, மீன், பாற்பொருட்களைத் தயாரித்துப் பிற நிறுவனங்களுக்கு வழங்குவோருக்குத் தனியான அங்கீகாரம் தேவைப்படலாம். ஆகையால் இயந்திரங்களை வாங்குவதற்கு முன்பே சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரிகளிடம் ஆலோசனை பெறுவது நன்று. தமிழில் உரையாட விரும்புவோர், தொடர்புகொள்ளும்போதே மொழிபெயர்ப்பாளர் உதவி கிடைக்குமா எனக் கேட்கலாம்.