ஊர் என்றால் யார்?

தற்சார்பு, நிலைத்த வாழ்வு என்று பேச்செடுத்தாலே குடிமராமத்தைக் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஊரே கூடி ஏரியைத் தூர்வாரியது, வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் போச்சு என்பதான கதையாடல் இது. இதில் 'ஊர்' என்பது யார் என்பதே என் கேள்வி.

உத்திரமேரூர்க் கல்வெட்டை (கி.பி. 921) எடுத்துக்கொள்வோம். ஏரி வாரியம் இருந்தது, குடவோலை இருந்தது, கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. சரிதான். ஆனால் பொதுவில், வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வேதப் பயிற்சி வேணும். கரைக்கு மண் சுமந்தவன் பெயர் ஓலையில் ஏற வழியே இல்லை. 1858இல் ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, 'வழக்கம்' என்ற இந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது.

தென்மாவட்டங்களில் மடை திறந்து வயல்வயலாகத் தண்ணி பாய்ச்சும் நீர்க்கட்டி பல ஊர்களில் தலித். தனக்கென்று நிலமில்லாதவன் ஓரவஞ்சனை செய்யமாட்டான் என்பது ஊரார் நம்பிக்கை. அதாவது, பங்கீட்டின் நியாயம் ஒருவனுடைய நிலமின்மையின் மேல் நிற்கிறது. நாம் வியக்கும் கூட்டுவாழ்வின் அடிக்கல் இதுதான்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டபோதும் வேலை ஆயக்கட்டுதாரர் கைக்கே போனது. ஏரி பாசனம் மட்டுமா? மீன், மேய்ச்சல், வண்டல், விறகு எல்லாம் ஏரிதான். இவற்றை நம்பிப் பிழைக்கிற நிலமற்றவருக்கும் மடைமேல் சொல் உண்டு என்றாகாதவரை, பஞ்சத்தைத் தாங்கப்போவது ஊரின் ஒரு பாதி மட்டுமே. மரபை மீட்பதைவிட அதைத் திருத்துவதே நம் வேலை என்று நினைக்கிறேன்.