உவந்து கொடுப்பதும் எடுத்துக்கொள்வதும்

மதீனாவில் பேரீச்சை அறுவடைக் காலத்தில் அன்சாரிகள் தத்தம் தோட்டத்துக் குலைகளைக் கொணர்ந்து, நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் தூண்களுக்கிடையே கட்டிய கயிற்றில் தொங்கவிடுவர். பசித்திருந்த முஹாஜிர்கள் அவற்றை உண்பர். ஒருவர் நல்ல குலைகளுக்கு நடுவே சொத்தைப் பழக் குலையொன்றையும் செருகிவிட்டார். அதில் தவறில்லை என்றே எண்ணினார். அதையொட்டி அருளப்பெற்றதே அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் என்று பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிப்பதாக இப்னு மாஜாவில் காண்கிறோம். நமக்கு எவரேனும் நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டன்றி நாம் வாங்கமாட்டாத பொருளை இறைவழியில் கொடுக்க நாடலாகாது என்பது அதன் கருத்து. நாம் ஈட்டியவற்றோடு, பூமியிலிருந்து அவன் வெளிப்படுத்தியவற்றையும் அவ்வசனம் சேர்த்தே சொல்கிறது.

விளைச்சலுக்குரிய ஸக்காத்தான உஷ்ரின் அடிப்படையும் இதுவே. மழையாலும் ஆற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று; இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று. ரமளானில் ரொக்கத்துக்கும் நகைக்கும் கணக்குப் பார்க்கும் நம்மவர், களத்து நெல்லுக்குக் கணக்குப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

விரும்புவதைச் செலவிடாதவரை நன்மையை அடையமாட்டீர்கள் என்ற கருத்துடைய வசனம் (3:92) இறங்கியபோது, அபூதல்ஹா (ரலி) தமக்கு மிகவும் உகந்த பைருஹா தோட்டத்தையே அர்ப்பணித்தார்கள். நபியவர்களோ அதனை அவருடைய உறவினருக்குப் பங்கிடுமாறு பணித்தார்கள். ஆனால் அதே நபியவர்கள், முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, மக்களின் பொருள்களில் சிறந்தவற்றை ஸக்காத்தாக எடுப்பதைத் தவிர்க்குமாறு எச்சரித்தார்கள். அநீதிக்குள்ளானவரின் பிரார்த்தனைக்கும் இறைவனுக்குமிடையே திரையில்லை என்பதையும் அதே மூச்சில் நினைவூட்டினார்கள். கொடுப்பவர் சிறந்ததைத் தேட வேண்டும். வசூலிப்பவர் அதன்மீது கைவைத்தலாகாது. இவ்விரண்டும் முரண் அல்ல. சிறந்தது என்பது உவந்து தரப்படும்போதே இறைவனுக்குரியதாகிறது.

உமர் (ரலி) பள்ளிவாசலை விரிவாக்க முனைந்தபோது அருகிலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அவர் இசையவில்லை. வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. உரியவரின் சம்மதமின்றி எடுத்தலாகாது என்று தீர்ப்பாயிற்று. கலீஃபா பணிந்தார். அதன் பின்னரே அப்பாஸ் (ரலி) அவ்வீட்டை முஸ்லிம்களுக்குத் தாமே தர்மமாக அளித்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இறையில்லத்தை விரிவாக்கும் நோக்கம்கூட இசைவுக்கு மாற்றாகவில்லை.

இதை நினைக்கும்போது கடலூர் மாவட்டத்து வளையமாதேவி நம் கண்முன் வருகிறது. நெய்வேலி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்கால் தோண்ட, 2023 ஜூலை 26 அன்று அவ்வூர் வயல்களில் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. வயலில் நெற்பயிர் நின்றது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே கையகப்படுத்தப்பட்டு இழப்பீடும் வழங்கப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதையும் நாம் மறுக்கவில்லை; இவ்வரிகளை எழுதும் விளக்கும் அதனால் எரிவதாயிருக்கலாம். ஆயினும் பத்திரம் நிலத்தைச் சொல்லுமேயன்றி, உழவர் அவ்வாண்டு நட்டு வளர்த்த பயிரைச் சொல்லாது. அறுவடைவரை பொறுத்திருக்க முடியாத அவசரம் என்ன என்பதே நம் வினா. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு உத்தரவாயிற்று.

அவ்வுழவர் எம்மதத்தினராயினும், முஆத் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட எச்சரிக்கை அவர்களை விலக்கவில்லை. அறுவடைக்கு முன்னரே, பயிரிட்டவரின் தவறின்றி அழிந்த விளைச்சலுக்கு உஷ்ர் இல்லை என்பது ஃபிக்ஹ் சட்டம். விளைச்சலின் உரிமையை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடுங்கள் என்கிறது குர்ஆன் (6:141). வாய்க்கால் வழியில் கிடந்த அந்த வயல்களுக்கு அவ்வாண்டு அந்நாள் வரவில்லை.