பிள்ளையே மொழிபெயர்ப்பாளரா?

குடும்பப் பிணக்கொன்றிற்காகச் சட்டத்தரணியை நாடும் தாய்க்கு, ஆங்கிலம் அறிந்த பிள்ளையே மொழிபெயர்க்கும் அவலம் எம்மவரிடையே உண்டு. தந்தையின் குற்றங்களைத் தன் வாயாலேயே கூற நேரும் அப்பிள்ளையின் மனத்துயரை யார் அறிவார்?

கனடாவின் விவாகரத்துச் சட்டத்தில் 2021 மார்ச் 1 முதல் முக்கிய திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. அடி, உதை மட்டுமன்றி, அச்சுறுத்தி அடக்கியாளுதலும் பண வழியில் கொடுமைப்படுத்துதலும் குடும்ப வன்முறையென அது வரையறுக்கின்றது. பிள்ளையின் நலனைத் தீர்மானிக்கையில் அதன் மொழி, பண்பாட்டு மரபையும் நீதிமன்றம் கருத்திற்கொள்ள வேண்டும்.

எனினும், மொழி புரியாதவர்க்கு இவ்வுரிமைகள் எட்டாக்கனியே. எம்மவர் பெருமளவில் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், வன்முறைக்கு உள்ளானோர் அரச சட்ட உதவி நிறுவனத்தின் மூலம் சட்டத்தரணியின் இரண்டு மணிநேர ஆலோசனையை இலவசமாகக் கோரலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். தயங்காது கேட்போம். அச்சுமையைப் பிள்ளையின் தோளிலிருந்து இறக்குவது பெரியோராகிய எமது கடமையாகும்.