வெற்றிட வரியுரு

கணினியியலில் வெற்றிட வரியுரு என்பது எந்த வடிவத்தையும் காட்டாமல், எழுத்துகளுக்கோ வரிகளுக்கோ இடையே இடத்தை மட்டும் உண்டாக்கும் வரியுரு ஆகும். கண்ணுக்குப் புலப்படாவிடினும், ஏனைய எழுத்துகளைப் போலவே கணினி இதனையும் ஓர் எண்ணாகச் சேமிக்கிறது. "மதுரை" என்னும் சரமும், இறுதியில் ஓர் இடைவெளி கொண்ட "மதுரை " என்னும் சரமும் பார்வைக்கு ஒன்றே. நிரலாக்க மொழிகள் பலவற்றில் இவை சமமல்ல. பட்டியலில் உள்ள பெயர் தேடலில் கிடைக்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வகைகள்

ஆஸ்கி குறிமுறையில் பொதுவாக ஆறு வரியுருக்கள் வெற்றிடமாகக் கொள்ளப்படுகின்றன:

* தத்தல் (9)
* புதுவரி (10)
* நிலைக்குத்துத் தத்தல் (11)
* புதுப்பக்கம் (12)
* வரித்தொடக்க மீளல் (13)
* இடைவெளி (32)

ஒருங்குறியில் 25 வரியுருக்கள் வெற்றிடப் பண்பு உடையவை. முறியா இடைவெளி (160) அவற்றுள் ஒன்று.

வரி முடிவு

லினக்சு இயங்குதளத்தில் வரியின் முடிவை 10 மட்டும் குறிக்கும். விண்டோசில் 13, 10 ஆகிய இரண்டும் சேர்ந்து குறிக்கும். எனவே விண்டோசுக் கோப்பொன்றை 10 உள்ள இடங்களில் மட்டும் பிரித்தால், வரிகளின் இறுதியில் 13 எஞ்சி நிற்கும்.

ஓரங்களை நீக்கல்

சரத்தின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடங்களை நீக்கும் வசதி பல மொழிகளில் உண்டு. ஆயினும் எவற்றை நீக்குவது என்பதில் அவை வேறுபடுகின்றன. ஜாவாவின் 'டிரிம்' 32 வரையான குறியெண்களை மட்டும் நீக்கும். வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுத்த உரையில் காணப்படும் முறியா இடைவெளி அதில் தப்பிவிடும். 2018இல் ஜாவா 11உடன் வந்த 'ஸ்ட்ரிப்' வேறு பல ஒருங்குறி வெற்றிடங்களை நீக்கினாலும் இதனை விட்டுவிடுகிறது. பைத்தான் 3இன் 'ஸ்ட்ரிப்' இதனையும் நீக்கும்.

தமிழ் உரையில்

ஒருங்குறியில் க், ஷ ஆகியவை அடுத்தடுத்து வரின் "க்ஷ" என்னும் கூட்டெழுத்தாகத் தோன்றும். அவற்றைப் பிரித்துக் காட்ட இடையில் அகலமற்ற இணைப்புத்தடை (8204) இடப்படுகிறது. இதுவும் கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் வெற்றிடப் பண்பு உடையதன்று. தெரியாத வரியுருக்கள் அனைத்தையும் ஒருசேர நீக்கும் நிரல், எழுதியவர் நாடிய எழுத்து வடிவத்தையே மாற்றிவிடக்கூடும்.

கையாளும் முறை

பெயர், முகவரி போன்ற உள்ளீடுகளில் ஓர வெற்றிடங்களை நீக்கி, இடையில் தொடர்ந்து வருபவற்றை ஒன்றாகச் சுருக்குவது வழக்கம். கடவுச்சொல், செய்யுள், பைத்தான் நிரல் ஆகியவற்றில் வெற்றிடமும் பொருள் உடையதாகலாம். அவற்றை அவ்வாறு மாற்றலாகாது.