கணினிக்குக் காய்ச்சலா, வெப்பமானிக்குப் பிழையா?

கணினித் திரையில் தெரியும் வெப்பநிலை எண்ணும் மின்னழுத்த எண்ணும் அளந்து பெற்ற உண்மைகள்போலத் தோன்றினாலும், அவை ஓர் உணரி தரும் குறிப்பை ஒரு மென்பொருள் தனக்குத் தெரிந்த கணக்கால் பெருக்கியும் கூட்டியும் சொல்லும் மதிப்பீடுகளே ஆகும். ஓர் அளவுகருவியை அதைவிடத் துல்லியமான இன்னொரு கருவியோடு ஒப்பிட்டு அதன் பிழையைப் பதிவு செய்வதே அளவுத்திருத்தம் எனப்படும். வீட்டுக் கணினியின் தாய்ப்பலகையில் உள்ள உணரிக்கு அப்படி ஒப்பிட்டதற்கான சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆயினும் அந்த உணரி தரும் எண்ணைக் காட்டியே பழுதுபார்ப்பவர் தாய்ப்பலகையை மாற்றச் சொல்வதும், அதே எண்ணைக் கண்டு அஞ்சிப் பயனீட்டாளர் நல்ல மின்வழங்கியைத் தூக்கி எறிவதும் நடப்பதால், பிழை எங்கே இருக்கிறது என்று பிரித்தறிவது பணத்தையும் உரிமையையும் சார்ந்த செய்தியாகிறது.

மின்னழுத்த அளவீட்டில் பிழை நுழையும் வழி எளிமையானது. தாய்ப்பலகையில் அளவீட்டுக்கென உள்ள சில்லுகள் பல, ஏறத்தாழ 2 அல்லது 4 வோல்ட் வரை மட்டுமே நேரடியாக அளக்க வல்லவை என்பதால், 12 வோல்ட் மின்தடத்தை இரண்டு மின்தடைகளால் பகுத்து, எடுத்துக்காட்டாக நான்கில் ஒரு பங்கான 3 வோல்ட்டாக்கிச் சில்லுக்குக் கொடுக்கிறார்கள். மென்பொருள் அதை மீண்டும் நான்கால் பெருக்கிக் காட்ட வேண்டும். பகுப்பு விகிதம் பலகைக்குப் பலகை மாறுபடும். அதை அறியாத மென்பொருள் மூன்றால் பெருக்கினால் திரையில் 9 வோல்ட் என்று வரும். 12 வோல்ட் தடம் உண்மையாகவே 9 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் கணினி எழுந்தே இருக்காது. எனவே இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் தெரியும் அந்த எண் தன்னைத்தானே பொய்யாக்கிக்கொள்கிறது. அதுபோலவே, சில்லு 0.016 வோல்ட் படிகளில் அளந்து நான்கால் பெருக்கப்படும்போது ஒவ்வொரு படியும் 0.064 வோல்ட் ஆகிவிடுவதால், எண் 11.97, 12.03, 12.10 என்று தாவுவது மின்வழங்கியின் தள்ளாட்டம் அன்று, அளவுகோலின் கோடுகள் அகலமாக இருப்பதன் விளைவே.

வெப்பநிலைப் பிழைகளுக்கு வேறு முகங்கள் உண்டு. 127 அல்லது கழித்தல் 128 பாகை என்று அசையாமல் நிற்கும் எண், பெரும்பாலும் உணரியே இணைக்கப்படாத முனையைக் குறிக்கும். எட்டு இருமங்களில் குறியோடு எழுதக்கூடிய எண்களின் இரு எல்லைகள் அவை. மையச் செயலியின் உள்ளே இருக்கும் உணரியோ, இன்டெல் செயலிகளில், உச்ச வெப்பநிலைக்கு இன்னும் எத்தனை பாகை உள்ளது என்பதையே தெரிவிக்கிறது. மென்பொருள் அதை உச்சத்திலிருந்து கழித்துக் காட்டுகிறது. உச்சத்தை ஒட்டித் துல்லியமாக இருக்கும்படி அமைந்த அந்த உணரி, செயலி ஓய்ந்திருக்கையில் பல பாகை பிறழலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் குளிரூட்டி இல்லாத அறை காலையிலேயே 28 பாகையைத் தொட்டுவிடும் நிலையில், சாதாரண விசிறி கொண்ட கணினி தன் செயலி 19 பாகையில் இருப்பதாகச் சொன்னால் அது நம்பத்தக்கதன்று, ஏனெனில் எந்த விசிறியும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது. மறுதலையாக, 2017இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகள், விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மை நிலையைவிட 20 பாகை கூட்டி அறிவிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன; அதை அறியாத மென்பொருள்கள் குளிர்ந்த கணினியையும் கொதிப்பதாகக் காட்டின.

இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓட்டுவதும் பிழைக்கு வித்திடும். ஒன்று சில்லிடம் கேட்டதற்கான விடையை மற்றொன்று வாங்கிக்கொள்வதால் ஒரு நொடி மட்டும் தலைகால் புரியாத எண் தோன்றி மறையும். கண்காணிப்பு மென்பொருள்களில் பல இயங்குதளத்தின் மிக உள்ளான அடுக்கில் செயல்படுவதால் பாதுகாப்பு இடரும் உண்டு. இவ்வகை மென்பொருள்கள் பலவற்றில் பயன்பட்ட வின்ரிங்0 என்னும் இயக்கி நிரல், அதன் பலவீனம் காரணமாக 2025இல் மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு மென்பொருளால் தடுக்கப்பட்டது.

ஐயம் எழுந்தால் முதலில் ஒரு மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, பின் கணினியை மறுதொடக்கம் செய்து, பலகையோடு வரும் தொடக்க நிரலான பயோஸின் திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். பலகையைச் செய்தவரே விகிதத்தை அறிவார் என்பதால் பயோஸின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். மின்னழுத்தத்துக்கு இறுதிச் சான்று மல்டிமீட்டரே. மின்வழங்கியிலிருந்து வட்டு இயக்கிகளுக்கென வரும் நான்கு முனை இணைப்பியில் நடு இரண்டும் தரை, ஓரங்களில் ஒன்று 12 வோல்ட், மற்றது 5 வோல்ட். கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது 11.4 முதல் 12.6 வரையும் 4.75 முதல் 5.25 வரையும் இருந்தால் மின்வழங்கிகளுக்கான வழக்கமான ஏடிஎக்ஸ் வரையறைக்குள் அடங்கும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. சுவரிலிருந்து இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

எண் பொய் என்று தெரிந்துவிட்டால் கவலை விட்டது என்று எண்ணுவதும் தவறு. மையச் செயலி உச்சத்தை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மீறினால் அணைந்துவிடும் என்றாலும், விசிறியின் வேகத்தைத் தீர்மானிக்கும் உணரி கெட்டிருந்தால் அருகிலுள்ள பிற உறுப்புகள் காப்பின்றி வேகும். மென்பொருள் தவறாகக் கணக்கிடுவது விற்பனையாளரின் குற்றமாகாது. பலகையின் உணரியே பழுதாகி விசிறி இயங்க மறுப்பது பொருளின் குறை.

இந்த வேறுபாட்டை ஒட்டியே சட்ட உரிமையும் அமைகிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வீட்டுப் பயன்பாட்டுப் பொருள் ஏற்கத்தக்க தரத்தோடு இருக்கும் என்ற உத்தரவாதத்தையும், 53ஆம் பிரிவு பழுதுபார்ப்பு போன்ற சேவைகள் நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதத்தையும் தருகின்றன. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதில் அச்சிட்டிருப்பதால் இவை அழிந்துவிடுவதில்லை. கடைக்காரர் சரிசெய்ய மறுத்தால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தை, மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவை, 5 ரிங்கிட் கட்டணத்தில் அணுகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை, காரணம் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் இங்கே பதிவு செய்யலாம். வழக்கறிஞர்களுக்கு இடமில்லை என்பதால் எளிய பயனீட்டாளருக்கு இது உகந்தது. தீர்ப்பை 14 நாளுக்குப் பின்னும் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம்.

வழக்கறிஞர் இல்லாத மன்றத்தில் பேசுவது ஆவணமே. பயோஸ் திரையும் அறை வெப்பமானியும் ஒரே படத்தில் விழும்படி எடுத்த நிழற்படம், மல்டிமீட்டரின் எண், ரசீது, கடைக்காரருக்கு எழுத்தில் அனுப்பிய முறையீடு, அவர் தந்த பதில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் வைத்திருக்க வேண்டும். பழுதுபார்ப்பவர் பலகையை மாற்றியாக வேண்டும் என்றால், எந்தக் கருவியால் எந்த முனையில் அளந்தார் என்பதை ரசீதிலேயே எழுதித் தருமாறு பணம் செலுத்துவதற்கு முன் கேட்டுப் பெறலாம்.