வலியை எண்ணிப் பார்த்த கிராமம்

பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆனால், வீட்டிற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குச் செல்லும் தாய்மார்களை நம்மில் எத்தனை பேர் கணக்கில் கொள்கிறோம்? மூட்டு, முதுகு, தசை ஆகியவற்றைப் பற்றும் நோய்கள் உடனே உயிரைப் பறிப்பவை அல்ல. ஆகவே அவற்றைப் பற்றிப் பேசுவோரும் குறைவு. எனினும் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 171 கோடி மக்கள் இந்நோய்களோடு வாழ்கின்றனர்.

மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தாலே நோயின் அளவு தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. மருத்துவமனைக்கு வருபவர் யார்? வலி பொறுக்க முடியாதவர், கையில் பணம் உள்ளவர், அழைத்துச் செல்ல ஆள் உள்ளவர். இடுப்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு வயலுக்குச் செல்லும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. அவர்களையும் எண்ண வேண்டுமானால், நோயாளி நம்மைத் தேடி வரும்வரை காத்திராமல், நாம் வீடு வீடாகச் செல்ல வேண்டும்.

இவ்வழியில் முன்னோடியாக விளங்கியவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள். 1950களில், நிலக்கரிச் சுரங்கங்களும் பஞ்சாலைகளும் நிறைந்த லீ என்ற ஊரில், நோயாளிகளை மட்டுமல்லாமல் ஊர் மக்களையே அவர்கள் ஆராய்ந்தனர். இத்தகைய ஆய்வுகள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. எக்ஸ்ரே படத்தில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாதவர் உண்டு. வலியால் துடித்தும் படத்தில் ஒன்றும் தெரியாதவரும் உண்டு. படத்தை மட்டும் நம்பினால் போதாது, மனிதரையும் கேட்க வேண்டும் என்பதே இதன் பாடம். தேய்மானத்தை அளக்க அவ்விருவரும் 1957இல் வகுத்த அளவுகோல் இன்றும் வழக்கில் உள்ளது.

கருவிகளும் சிறப்பு மருத்துவர்களும் குறைந்த நாடுகளில் இதை எவ்வாறு செய்வது? இதற்காக உலக சுகாதார நிறுவனமும் வாத நோய் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பும் இணைந்து 1981இல் 'காப்கார்ட்' என்னும் திட்டத்தைத் தொடங்கின. அதன் முறை எளியது. முதலில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, வலி உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்பவரிடம் விரிவான வினாக்களைத் தொடுப்பார்கள். மூன்றாவதாக, மருத்துவர் நேரில் வந்து பரிசோதிப்பார்.

நம் நாட்டில் 1996இல் மகாராஷ்டிர மாநிலம் புனே மாவட்டத்திலுள்ள பிக்வான் என்ற சிற்றூரில், டாக்டர் அரவிந்த் சோப்ரா தலைமையில் இவ்வாய்வு நடைபெற்றது. 4,092 பேரிடம் விசாரித்ததில் 746 பேருக்கு, அதாவது 18.2 சதவீதத்தினருக்கு, இத்தகைய வலி இருந்தது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர்! மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 5.8 சதவீதம். முடக்குவாதம் உள்ளவர்கள் ஏறத்தாழ அரை சதவீதம், அதாவது இருநூறு பேருக்கு ஒருவர்.

இருநூறில் ஒருவர் தானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். முடக்குவாதம் முதுமைக்கு மட்டும் உரியதன்று. நடுத்தர வயதினரையும் பற்றும். ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்கும். தொடக்கத்திலேயே தக்க மருந்தைத் தொடங்கினால் மூட்டுகள் கோணிப்போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். காலம் தாழ்ந்தால் கோணிய விரல் மருந்தால் நிமிராது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்திற்கும் மேலாக மூட்டுகள் இறுகி இருத்தல், இரு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்குதல் ஆகியவை ஆறு வாரங்களுக்கு நீடித்தால், தைலம் தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இத்தகைய ஆய்வின் உயிர்நாடி, மக்கள் அளிக்கும் விடையே ஆகும். வாசலில் வந்து கேட்பவரிடம், "எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை" என்று ஆண்களே விடை சொல்லி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் வலி கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்கு மருந்தும் ஒதுக்கப்படாது, மருத்துவரும் அமர்த்தப்படமாட்டார். எனவே, சுகாதாரக் கணக்கெடுப்புக்கு ஒருவர் வந்தால், வீட்டுப் பெண்கள் தங்கள் வாயாலேயே விடை கூற வழிசெய்யுங்கள். பெண் ஊழியர் வந்திருந்தால் இன்னும் எளிது.

அதற்கு முன்பாக, அந்த விசாரணையை நம் வீட்டிலேயே தொடங்கலாம் அல்லவா? இன்றிரவு உங்கள் உம்மாவிடமும் வாப்பும்மாவிடமும் கேட்டுப் பாருங்கள்: "எங்கே வலிக்கிறது? எத்தனை நாளாக வலிக்கிறது?" பல ஆண்டுகளாக எவரும் கேளாததால் சொல்லப்படாத விடை ஒன்று அங்கே காத்திருக்கக்கூடும்.