பத்தால் வகு, பிறகு பிரேக் போடு

ஜெர்மனியில் கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் ஸ்டீயரிங்கோடு சேர்த்து ஒரு கணக்கையும் கற்றுக்கொள்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். வேகத்தைப் பத்தால் வகுக்க வேண்டும். கிடைத்த எண்ணை மூன்றால் பெருக்கினால், ஆபத்தைக் கண் பார்த்த நொடிக்கும் கால் பிரேக்கை மிதிக்கும் நொடிக்கும் இடையில் வண்டி எத்தனை மீட்டர் ஓடியிருக்கும் என்பது தெரியும். அதே எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், பிரேக் பிடித்த பிறகு எத்தனை மீட்டர் போய் நிற்கும் என்பது தெரியும். இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். காய்ந்த சாலைக்கான தோராயக் கணக்கு இது. ஈரமோ பனியோ இருந்தால் தூரம் இன்னும் நீளும்.

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்மூன்று 15, ஐயைந்து 25. ஆக 40 மீட்டர். இப்போது 100 கி.மீ. போட்டுப் பாருங்கள். 30-உம் 100-உம் சேர்ந்து 130 மீட்டர்! வேகம் இரண்டு மடங்குதான் ஆனது. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ நான்கு மடங்காகிவிட்டது.

ஏன் அப்படி? ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. வண்டி நிற்க வேண்டுமென்றால் அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றித் தீர்க்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஒவ்வொரு மீட்டருக்கும் பிரேக் தீர்க்கிற ஆற்றல் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால் நான்கு மடங்கு ஆற்றலைத் தீர்க்க நான்கு மடங்கு தூரம் தேவைப்படுகிறது.

நின்றுகொண்டிருக்கும் வேன் ஒன்றின் பின்னாலிருந்து ஒரு பந்து சாலைக்கு ஓடி வருகிறது. பந்துக்குப் பின்னால் ஒரு சிறுமி. கார் 14 மீட்டர் தள்ளி வருகிறது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் பாதியாகும் என்றும் ஜெர்மன் கணக்கில் உண்டு. 30 கி.மீ. வேகத்தில் வந்தவர் 9 மீட்டரில் பிரேக்கைத் தொடுவார், இன்னும் நாலரை மீட்டரில் நின்றுவிடுவார். பந்து தப்பிக்குமோ என்னவோ, சிறுமி தப்பிவிடுவாள். 50-இல் வந்தவருக்கு, கால் பிரேக்கைத் தொடுவதற்கே 15 மீட்டர் வேண்டும். அதாவது வேகம் துளியும் குறையாமல் வந்து மோதுவார். அந்த மோதல் 10 மீட்டர் உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட மூன்று மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். குடியிருப்புத் தெருக்களிலும் பள்ளிகளின் பக்கத்திலும் ஜெர்மனி, ஸ்வீடன் இரண்டு நாடுகளுமே 30 என்று பலகை வைப்பது இதனால்தான்.

இதுவரை இரண்டு நாடுகளும் ஒத்துப்போகின்றன. ஊரைத் தாண்டியதும் பாதை பிரிகிறது.

ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றில் பல பகுதிகளுக்கு வேக வரம்பு உண்டு. வரம்பே இல்லாத நீண்ட பகுதிகளும் உண்டு. ‘130-க்குள் ஓட்டுவது நல்லது’ என்று 1978 முதல் அரசு சொல்லிவருகிறது. அது பரிந்துரை மட்டும்தான், சட்டமில்லை. 200-இல் போனால் என்ன ஆகும் என்று நம் கணக்கைக் கேளுங்கள்: 60-உம் 400-உம், மொத்தம் 460 மீட்டர். கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர்!

ஆனால் அங்கே வேகம் மட்டும்தான் அவிழ்த்துவிடப்பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் இறுக்கம். வலப்பக்கத் தடத்திலேயே ஓட்ட வேண்டும், இடப்பக்கமாக மட்டுமே முந்த வேண்டும் (அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, நமக்கு நேர்மாறு). 60 கி.மீ.க்கு மேல் ஓட முடியாத வண்டிக்கு அனுமதியே கிடையாது. பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றால், ‘பார்த்துக் கிளம்பியிருக்க வேண்டாமா?’ என்று அபராதம் போடுவார்கள். வாகனங்கள் தேங்க ஆரம்பித்ததுமே இடதுகோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவே ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்து ஒதுங்குவது தவறு.

இவ்வளவு வேகமான சாலையில்தான் அதிகம் பேர் இறப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. ஜெர்மனியில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊர்களுக்கு வெளியே உள்ள சாதாரண இருவழிச் சாலைகளில்தான் இறக்கிறார்கள். வேகம் ஆபத்தில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆட்டோபானில் எதிரே யாரும் வருவதில்லை, குறுக்கே யாரும் கடப்பதில்லை. இருவழிச் சாலையில் எதிர்வண்டி ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஓரத்தில் மரங்கள் நிற்கின்றன. அங்கே கார்களுக்கு வரம்பு 100.

ஸ்வீடனுக்கும் இதே தலைவலி இருந்தது. அகலமான இருவழிச் சாலைகளில் நடுக்கோட்டைத் தாண்டி முந்தப் போய், நேருக்கு நேர் மோதினார்கள். 1997 அக்டோபரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு முடிவெடுத்தது: சாலையில் யாருமே சாகவோ பலத்த காயமடையவோ கூடாது என்பதுதான் இனி இலக்கு. பேராசையாகத் தோன்றுகிறது, இல்லையா? அதன் பின்னால் இருந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். மனிதர்கள் தவறு செய்துகொண்டேதான் இருப்பார்கள். அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்காத சாலையைப் போட வேண்டியது பொறியாளரின் வேலை.

அடுத்த ஆண்டிலிருந்து, அந்தச் சாலைகளை மூன்று தடங்களாகப் பிரித்து நடுவே எஃகுக் கம்பி வடம் கட்ட ஆரம்பித்தார்கள். சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு திசைக்கு இரண்டு தடம், பிறகு எதிர்த்திசைக்கு இரண்டு தடம். முந்த நினைப்பவர் தன் முறை வரும்வரை பொறுத்தால் போதும். தூங்கி வழிந்து ஒருவர் நடுப்பக்கம் போனாலும், வடம் வளைந்து கொடுத்து வண்டியைத் தாங்கிப் பிடிக்கும். சட்டென்று நிற்பதற்கும் சற்று நேரம் எடுத்து நிற்பதற்கும் உடம்பு படும் விசையில் பெரிய வித்தியாசம் உண்டு. வடம் இல்லாத சாலைகளில் பெரும்பாலும் 70 அல்லது 80-தான் வரம்பு. வடம் கட்டினால் 100 வரை விடுகிறார்கள். 70-இல் ஓடும் காரைப் போல இரண்டு மடங்கு ஆற்றல் 100-இல் ஓடும் காருக்கு இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2023-இல் சாலை விபத்துகளில் பத்து லட்சம் பேருக்கு ஜெர்மனியில் ஏறக்குறைய 34 பேரும், ஸ்வீடனில் 22 பேரும் இறந்தார்கள். ஜெர்மனியின் எண்ணும் உலக அளவில் குறைவானதுதான். வித்தியாசத்துக்குச் சாலை மட்டும் காரணமில்லை. மது அருந்தி ஓட்டுவதிலும் ஸ்வீடனின் வரம்பு ஜெர்மனியின் வரம்பைவிடக் கடுமையானது.

குழந்தைகளைக் காரில் உட்கார வைப்பதிலும் ஸ்வீடன்காரர்களுக்குத் தனி வழி. நாலு வயது வரை பின்பக்கம் பார்த்தபடி உட்கார வைக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கு உடம்பை ஒப்பிடத் தலை பெரிது, கழுத்து மெலிது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், மோதும்போது தலை முன்னால் பாய, கழுத்து மொத்த இழுவையையும் தாங்க வேண்டும். திரும்பி உட்கார்ந்தால் அந்த விசை முதுகு முழுவதும் பரவிவிடும். 1960-களில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் இந்த இருக்கையை உருவாக்கியதற்குத் தூண்டுதல், விண்கலத்தில் மல்லாந்து படுத்தபடி மேலே போன விண்வெளி வீரர்கள்!

ஸ்வீடனின் காட்டுச் சாலைகளில் இன்னொரு வில்லன் உண்டு: மூஸ் எனும் ராட்சத மான். கால்கள் நெடுநெடுவென்று இருப்பதால், மோதினால் காரின் முன்பகுதி அதன் கால்களை வாரிவிடும். பல நூறு கிலோ உடம்பு கண்ணாடிமேல் வந்து விழும். அதனால் அந்த நாட்டுக் கார் பத்திரிகைகள் புதுக் கார்களைச் சட்டென்று ஒடித்துத் திருப்பிப் பார்த்துச் சோதிக்கும். 1997 அக்டோபரில், ஆம், நாடாளுமன்றம் முடிவெடுத்த அதே மாதத்தில், ஒரு ஸ்வீடன் பத்திரிகை ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனத்துடைய புத்தம் புது ‘ஏ-கிளாஸ்’ காரை இப்படித் திருப்பியது. கார் கவிழ்ந்தது. உலகமே சிரித்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, அதுவரை விலை உயர்ந்த கார்களிலேயே இருந்த ஒரு மின்னணுக் கருவியை அந்தச் சின்னக் காரில் பொருத்தியது. கார் சறுக்கத் தொடங்கினால், தேவைப்படும் ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு வண்டியை நேராக்கும் கருவி அது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்கும் எந்தக் காரிலும் அது இருந்தாக வேண்டும்.